மேட்டு லயத்தில் நடந்த காய்ச்சல் ஒத்திகை

பல நாடுகளின் மாநிலங்களும் மாகாணங்களும் சேர்ந்து தொற்றுநோய்க்குத் தயாராவதற்காக ஒரு வலையமைப்பை வைத்திருக்கின்றன. எங்கள் மாகாண சுகாதாரத் திணைக்களம் அதில் சேர்ந்தபோது நான் அங்கே சுகாதாரக் கல்வி உத்தியோகத்தராக இருந்தேன். சேர்ந்தவர்கள் ஓர் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். புதுக் காய்ச்சல் ஒன்று வந்தால் முதல் நோயாளியை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வருவார்.

இடம் தீர்மானிக்கும் கூட்டத்தில் ஆளாளுக்கு டவுன்களைச் சொன்னார்கள். நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சொன்னேன். டவுனில் சரியாக நடக்கும் என்பது தெரிந்ததுதானே, அதற்கு ஒத்திகை எதற்கு என்று கேட்டேன். பெரிய டொக்டர் ஒத்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர்.

நோயாளியாக நடிக்கக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சம்மதித்தார். "காய்ச்சல்காரி மாதிரி படுத்துக் கெடக்கணும், அவ்வளவுதானே மிஸ்? வேலைக்குப் போகாம படுக்கச் சொன்னா யாரு வேணாங்குவா?" என்று சிரித்தார்.

திட்டம் எளிமையானது. தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது போனில் தகவல் சொல்வார். அக்கா குடியிருக்கும் மேட்டு லயத்துக்கு, அதாவது மேட்டிலுள்ள தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, அம்புலன்ஸ் வரும். பாதுகாப்பு உடை போட்ட இருவர் மட்டுமே அக்காவைத் தொட்டுத் தூக்குவார்கள்.

போன் சரியாகப் போனது. அம்புலன்ஸும் புறப்பட்டது. ஆனால் முந்தின நாள் நல்ல மழை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே கொழுந்து லொறி ஒன்று சேற்றில் புதைந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அம்புலன்ஸ் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

இதை நான் அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே லயத்து ஆண்கள் கம்பளியும் மூங்கிலுமாக வந்துவிட்டார்கள். கம்பளியின் இரு முனைகளையும் மூங்கிலில் கட்டி, அக்காவை அதில் படுக்கவைத்துத் தோளில் ஏற்றினார்கள்.

"எறக்குங்கண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன்."

"பேசாம படு புள்ள. காய்ச்சல்காரி பேசப்படாது."

பெண்கள் பின்னால் ஓடினார்கள். ஒருத்தி முந்தானையால் அக்காவின் முகத்தைத் துடைத்தாள். இன்னொருத்தி பிளேன்டீயை அவர் வாயருகே பிடித்தாள். எத்தனை பேர் தொட்டார்கள் என்று எண்ணத் தொடங்கிய வெளிநாட்டுப் பெண்மணி பாதியில் விட்டுவிட்டார்.

ஸ்டோரடியில் அக்காவை அம்புலன்ஸில் ஏற்றிய பிறகு, ஏன் காத்திருக்கவில்லை என்று முன்னால் தூக்கி வந்தவரிடம் கேட்கச் சொன்னார் அந்தப் பெண்மணி. கேட்டேன்.

"மழை பேஞ்சா மேட்டு லயத்துக்கு எந்த வண்டியும் வராதுங்க மிஸ். புள்ளத்தாச்சியானாலும் பொணமானாலும் நாங்கதான் தூக்கிக்கிட்டு எறங்குவோம். இன்னைக்கு மட்டும் வரும்னு எப்படி நம்புறது?"

பக்கத்தில் நின்ற எங்கள் அதிகாரி ஒருவர் என் காதோரம் குனிந்தார். "அதெல்லாம் முழுசா சொல்லத் தேவையில்ல. லொறி குறுக்க நின்னதால லேட்டாயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. என்னைப் பெறுவதற்கு என் அம்மாவும் அப்படித்தான் கம்பளியில் இறங்கிப் போனார். அதிகாரி திரும்பி, பின்னால் நின்ற பெரிய டொக்டரைப் பார்த்தார்.

"பிள்ளை சரியாத்தான் சொன்னது," என்றார் டொக்டர். "அறிக்கையிலயும் அப்பிடியே எழுதுங்கோ."

ஒத்திகையில் தோற்றோம் என்றே எழுதினோம். வலையமைப்பின் அடுத்த இணையவழிக் கூட்டத்தில் அதை நானே வாசித்தேன். முடித்ததும் வேறொரு நாட்டின் மலை மாநிலத்திலிருந்து ஒருவர் பேசினார். அவர்கள் ஊரிலும் இதே கதைதானாம். தூக்குகிறவர்களைத் தடுத்துப் பயனில்லை என்று கண்டு, அவர்களுக்கே பயிற்சி கொடுத்துவிட்டார்களாம். நாங்களும் அதையே செய்தோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஓர் அலுமாரியை ஒதுக்கி, மடக்கும் ஸ்ட்ரெச்சரும் கையுறைகளும் மாஸ்க்குகளும் வைத்தோம். கம்பளி தூக்கியவர்களே பயிற்சிக்கு வந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அதே லயத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு நிஜமாகவே காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. என்ன நோய் என்று தெரியவில்லை. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, கையுறை மாட்டிய நால்வர் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். லயத்துச் சனம் தள்ளி நின்றது. அவளுடைய அம்மா மட்டும் கட்டிப்பிடிக்க ஓடிவந்தார். நால்வரில் முன்னால் நின்றவர் கையை நீட்டி மறித்தார்.

"பெத்தவளையே தொட வேணாங்குறியா?"

"ஆஸ்பத்திரியில பார்த்துச் சொல்லட்டும்க்கா, அப்புறம் தொடுங்க. இப்ப பக்கத்துல வாங்க, பேசிக்கிட்டே வாங்க."

அந்த அம்மா அழுதபடி, ரோட்டின் ஓரமாகவே நடந்து, மகளிடம் பேசிக்கொண்டே இறங்கினார். ஆறுதலாக நாலு வார்த்தை பேசவிடுவது எங்கள் பயிற்சியில் இல்லாத விஷயம். அதற்கப்புறம் நடத்திய பயிற்சிகளில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

லயத்துக்குக் குடிநீர் வரும் தண்ணீர்த் தாங்கியில்தான் கோளாறு என்று பரிசோதனையில் தெரிந்தது. உடனே கழுவிச் சுத்தம் செய்யவைத்தோம். வேறு யாருக்கும் வரவில்லை. அந்தப் பெண் குணமாகி வீடு திரும்பினாள்.

ரோடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. ஒவ்வோர் அறிக்கையிலும் அதை எழுதுகிறேன். கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது ஒரு நாட்டுக்காரர் அதைப் பற்றிக் கேட்கிறார், எங்கள் அதிகாரிகள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.