கட்டைவிரல் ஜெயித்த பந்தயம்

போன மாசி வரைக்கும் எங்கள் கார் கோழிகளுக்குத்தான் சொந்தம். மாமனார் ஓட்டி அலுத்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் விட்டுப்போன பழைய சின்னக் கார். பின்சீட்டு முழுக்க முட்டை. அதை எடைக்குப் போட்டால் போதும் என்பது என் மனைவியின் கட்சி. பந்தயத்தில் விட வேண்டும் என்பது என் கட்சி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பியும் என் கட்சிதான்.

கரும்பு வெட்டு முடிந்ததும் நைனார்பாளையம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையைச் சமப்படுத்தி, வெள்ளிமலை ஏறும் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர்கள் ஓட்டைக் கார் பந்தயம் நடத்துகிறார்கள்; அதில் ஓட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். காயலாங்கடைக்குப் போக வேண்டிய வண்டிதான் வரலாம்; சட்டம் அவ்வளவுதான்.

மனைவி கடைசியாக ஒத்துக்கொண்டாள். "தானா ஓடி வூட்டுக்கு வந்தா வண்டி. கட்டி இழுத்துக்கினு வந்தா அப்படியே காயலாங்கடை. அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு திரியக் கூடாது, சொல்லிட்டேன்."

மச்சான் வேலையில் இறங்கினான். பின்சீட்டு, கண்ணாடி எல்லாம் போனது. பழைய போர்வெல் குழாயை வளைத்து, வண்டி கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே கூண்டு கட்டினான். கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்தான். ஸ்டார்ட்டர் செத்திருந்ததால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஹார்ன் மட்டும் புதிது, லாரி ஹார்ன். "ஹார்ன் இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன் மாமா" என்றான்.

ஹார்ன் இருந்தும் ஏற முடியவில்லை. பந்தயத்தன்று காலை ஜன்னல் வழியாக நுழையப் பார்த்தான். தொப்பையோடு பாதியில் நின்றான். இரண்டு பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். எல்லார் பார்வையும் ஒல்லியான என் மேல் விழுந்தது.

"நானா? நான் உரக்கடை வெச்சிருக்கறவன்டா!"

"மூட்டையே தூக்கறீங்க, ஸ்டியரிங் தூக்க மாட்டீங்களா? ஏறுங்க மாமா."

பச்சைத் துண்டை வீசினார்கள். பின்னால் தள்ளினார்கள். வண்டி கிளம்பிவிட்டது, நான்தான் இன்னும் கிளம்பவில்லை. தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். தெரியாத சாமி இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் கட்டைவிரல் ஹார்ன் மேல் உட்கார்ந்தது. எடு என்றேன். விரல் கேட்கவில்லை; ஹார்ன் அலறிக்கொண்டே இருந்தது.

முதல் வளைவில் அந்த அதிசயம் நடந்தது. முன்னால் போனவர் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, "போ, போ" என்று ஆட்டினார். அடுத்தவரும் அப்படியே. மலை வளைவில் பின்னால் லாரி ஹார்ன் கேட்டால் ஒதுங்கி வழிவிட்டு வழிவிட்டுப் பழகிய கைகள். இது பந்தயம் என்று மூளை சொல்வதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. "அடச்சே!" என்று ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு குரல் எனக்குப் பின்னால் கேட்டது. நான் ஒருவரையும் முந்தவில்லை. எல்லாரும் என்னை அனுப்பிவைத்தார்கள்.

எல்லைக்கோட்டை முதலில் தாண்டினேன். மச்சான் குறுக்கே ஓடி வந்தான்.

"மாமா, நிறுத்துங்க! கப்பு வாங்கிக்கினு போங்க!"

"நிறுத்தினா செத்துடும்டா! நீ வாங்கிக்கினு வா!"

வண்டிப்பாதையில் இறங்கி, ஏரிக்கரையோடு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு விட்டேன். முன்சக்கரம் வாசலுக்குள் நுழைந்ததும் இன்ஜின் ஒரு இருமல் இருமி நின்றது. பின்சக்கரம் இன்னும் தெருவில்.

மனைவி வெளியே வந்தாள். "இன்னாங்க, கட்டி இழுக்க ஆளு கெடைக்கலயா?"

"தானா வந்துச்சு. நீயே பாத்த."

"பாதிதான் வந்துகீது."

குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள். பின்சக்கரத்தைப் பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். ஒரே தள்ளு. வண்டி முழுசாக உள்ளே வந்தது. கோழிகள் நாலா பக்கமும் பறந்தன.

"வண்டி இருக்கட்டும்" என்று காதைப் பொத்தியபடி கத்தினாள். "மொதல்ல அந்த ஹார்ன் மேல இருந்து கைய எடுங்க!"