ஜன்னல் மேல் விட்ட இடுக்கு

ஒரு வீட்டின் வெளிச்சுவருக்கு மரப்பலகை அடித்து முடித்ததும் டெல்பர்ட் ஹில்ட்ஸ் கெட்டிலில் தண்ணீரோடு ஏணி ஏறுவார். ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் மடித்து வைத்த தகரப் பட்டை ஒன்று இருக்கும். அதற்கு மேலே பலகைகளுக்குப் பின்னால் தண்ணீரை ஊற்றுவார். பலகையின் அடிவிளிம்புக்கும் தகரத்துக்கும் நடுவில் விரல் நுழையாத இடுக்கு ஒன்றை விட்டிருப்பார். அதன் வழியாகத் தண்ணீர் வெளியே சொட்டுகிற வரை இறங்க மாட்டார்.

கீழே பலகை அறுத்துக் கொடுக்கும் அவர் மனைவி கிளெண்டா பத்தொன்பது வருடமாக இதைப் பார்த்து வந்தாள்.

"என்ன டெல், ஞானஸ்நானம் ஆச்சா?"

"பிள்ளை இன்னும் அழல. கொஞ்சம் ஊத்தணும்."

நோவா ஸ்கோஷியாவின் தென்கரையில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. கடல் பக்கமிருந்து படுத்தவாக்கில் வந்து சுவரில் அறையும். அதனால் அவருக்கு இப்படி ஒரு பயம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஓர் ஏப்ரலில் எல்டோரா வெண்ட்செல் போன் செய்தார். மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்பர்ட் தனியாக எடுத்துச் செய்த முதல் வீடு அவருடையது. கிளெண்டா வேலையில் சேர்வதற்கு முந்தைய வருடம். அந்தக் கரையில் யார் சுவர் மாற்றினாலும் "டெல்பர்ட்டைக் கூப்பிடு" என்பார். இப்போது ஜன்னலை ஒட்டிய பலகை, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதாம்.

"நீ வர வேண்டாம், நான் பாத்துக்கறேன்," என்றார் டெல்பர்ட். அப்படிச் சொன்னதாலேயே கிளெண்டா போனாள்.

பலகைகள் சேரும் இடத்தை மூடியிருந்த ஒல்லிச் சட்டத்தை டெல்பர்ட் நெம்பி எடுத்தார். பலகை ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது. உள்ளே மரம் கறுத்திருந்தது. ஜன்னல் மேல் இடுக்கு முழுக்க சிலிக்கோன் பசை பூசி அடைத்திருந்தது. உள்ளே புகுந்த மழைக்கு வெளியே வர வழியில்லை.

"எந்த முட்டாள் இதை அடச்சான்?" என்றாள் கிளெண்டா.

"நான்தான்."

குளவி கூடு கட்டும், அடைத்துவிடு என்று எல்டோரா சொல்லியிருக்கிறார். முதல் வீடு, அவர் மனம் கோணக்கூடாதே என்று டெல்பர்ட் அடைத்துவிட்டார். அடுத்த வருடமே வேறொரு வீட்டின் சுவரைப் பிரித்தபோது, அடைத்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தார். அன்று தொடங்கியதுதான் கெட்டில். ஆனால் எல்டோரா வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கத்தியால் கீறி எடுக்கப் பத்து நிமிடம் போதும். போனால், ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் வண்டியிலிருந்து கையை மட்டும் அசைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து கிளெண்டாவும் அசைத்திருக்கிறாள்.

எல்டோரா தேநீரும் இஞ்சி கேக்கும் கொண்டு வந்தார். கறுத்த மரத்தைப் பார்த்தார்.

"இந்த வடகிழக்குக் காத்து இருக்கே, எதையும் விட்டு வைக்காது. உன் வேலையில குத்தமில்ல, கண்ணு."

கிளெண்டா கணவனின் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா," என்றார் டெல்பர்ட். "காத்துதான்."

மூன்று நாளில் சுவர் புதிதாயிற்று. கெட்டில் ஏறியது, தண்ணீர் சொட்டியது. திரும்பி வரும் வழியில் கிளெண்டா கேட்டாள்:

"எப்ப சொல்லப் போற?"

"பெயிண்ட் அடிக்கப் போவோம்ல, அப்ப."

பெயிண்ட் அடித்தார்கள். அப்புறம் மூலைச் சட்டம் ஒன்றைச் சரிசெய்யவும் போனார்கள். நவம்பரில் ஒரு காலை, காலணி மாட்டக் குனிந்த டெல்பர்ட் நிமிரவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்டோரா கிளெண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் கண்ணு. வசந்தத்துலேருந்து உறுத்துது. அந்த இடுக்கை அடைக்கச் சொன்னது நான்தான். அதனாலதான் சுவர் போச்சா?"

"நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான். கூடாதுன்னு சொல்லியிருக்க வேண்டியது அவருதான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

எல்டோரா கையை விடவில்லை. "அப்ப ஏன் என்கிட்ட காத்துன்னு சொன்னான்?"

"சொல்றதாத்தான் இருந்தாரு," என்றாள் கிளெண்டா.