நடுரோட்டில் திறக்கும் கதவு

டிப்போவில் அவரை 'பிரேக்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் கிடக்கிறது, அதை யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. தூரத்தில் ஒரு நாய் ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்தாலே மனுஷன் காலைப் பிரேக்கில் வைத்துவிடுவார். பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற ஜனம் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாயும். "யோவ், உள்ள இருக்கிறது மனுஷங்கய்யா, மூட்டை இல்ல!" என்று கத்துவார்கள். கத்தட்டும். ஸ்டியரிங்கைத் தொட்ட நாளிலிருந்து அவர் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அது திறமையால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. அதை அவரே ஒத்துக்கொள்வார். ஊரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் பயந்தவன் இருப்பது நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

நகரம் முடிந்து, ஆலைகள் முடிந்து, குப்பைமேடும் முடிந்து, அதற்கப்புறம் ஒரு குடியிருப்பு இருந்தது. நகரத்து நடுவில் பாலம் கட்டவும் ரயில் விடவும் இடம் வேண்டும் என்று பெயர்த்துக் கொண்டுபோய் வைத்த ஜனம். வரிசை வரிசையாக நாலு மாடிக் கட்டடங்கள். வீடு கொடுத்தார்கள், விளக்கு கொடுத்தார்கள், போக வர வழி கொடுக்க மறந்துவிட்டார்கள். பஸ் பழைய பாலத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் கல்குவாரி லாரி போகிற ரோடு. ஆலைக்குப் போகிற பெண்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், காய்ச்சல்காரர்கள் எல்லாரும் அந்தப் புழுதியில் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்தாக வேண்டும்.

பெரிய நகரங்கள் ஒன்றுக்கொன்று கைகொடுத்துத் தங்கள் ஓரத்துப் பகுதிகளைச் சீர்பண்ண வேண்டும் என்று எங்கோ கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு நாட்டு நகரம் ரோடு போட எஞ்சினியர்களை அனுப்பியது. இன்னொரு நாட்டு நகரம் தன்னிடம் ஓடிக்கொண்டிருந்த பஸ்களில் சிலதைக் கழுவித் துடைத்துக் கப்பலில் ஏற்றியது. ஓட்ட ஆள் தருவது இந்த நகரத்தின் பாடு. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ரோடு போட்டவர்கள் இடது ஓரத்தில் நடைபாதை கட்டி, அழகழகாக நிழற்குடை வைத்தார்கள். பஸ் கொடுத்தவர்கள் சீட்டுக்கெல்லாம் புது மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். உங்கள் ஊரில் வண்டி எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அதையெல்லாம் போய்க் கேட்பார்களா? அவரவர் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

பஸ்கள் டிப்போவில் வந்து இறங்கியபோதுதான் எல்லாருக்கும் முகம் வெளுத்தது. கொடுத்தவர்கள் நாட்டில் வண்டி வலது பக்கம் போகும். அதனால் ஸ்டியரிங் இடது பக்கம், படியும் கதவும் வலது பக்கம். நம் ரோட்டில் அதை ஓட்டினால் டிரைவர் நிழற்குடையை ஒட்டி ஒய்யாரமாக உட்கார்ந்திருப்பார். ஜனம் நடுரோட்டில் இறங்கும். பின்னால் வருகிற லாரி முந்திப் போகிற பக்கத்தில் இறங்கும்.

"இந்தப் பக்கம் அடைச்சுட்டு அந்தப் பக்கம் வெட்டிடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார் வெல்டிங்காரர்.

"வெட்டுவ, வெட்டுவ!" மேனேஜர் பாய்ந்தார். "அன்பளிப்பா குடுத்த வண்டில ஓட்டை போட்டா அவங்க மனசு நோகாதா? கண்டக்டர் முதல்ல இறங்கி சிவப்புக் கொடி காட்டட்டும். லாரி நிக்கும். ஜனம் இறங்கும். முடிஞ்சு போச்சு."

அன்றைக்கே டிப்போவில் ஒருத்தருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒருத்தருக்குக் கண் மங்கியது. ஒருத்தர் மாமனார் சாகக் கிடக்கிறார் என்று சொல்லிவிட்டு லீவில் போனார், அந்த மாமனாரே வாசலில் வந்து மாப்பிள்ளையைத் தேடினார். பிரேக்குக்கு ஒரு சாக்குச் சொல்லக்கூடத் தைரியம் இல்லை. மேனேஜர் அறைக்குள் நுழைந்தாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாட்டேன் என்று சொல்லப் பயந்து, சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

கண்டக்டர் யார் என்று அப்புறம்தான் கேட்டார். மனைவியின் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். வாயாடி. அந்தக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில்தான் அவள் வீடு. தானே போய்க் கேட்டு வாங்கியிருந்தாள்.

"எங்க ஏரியாவுக்கு வர்ற முதல் பஸ் மாமா. அதுல டிக்கெட் கிழிக்க வேற எவளையாவது விடுவேனா?"

"லாரிக்கு முன்னாடி போய் நிக்கணும்டி."

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு லாரி என்ன, ஆமையே முந்திப் போயிடும். பார்த்துக்கலாம் மாமா."

மனைவி ஒன்றும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. காலையில் டீயை நீட்டும்போது, "அவ என் இடுப்புல வளர்ந்தவங்க. முழுசா திருப்பிக் கொண்டாந்து விடுங்க" என்றாள். அவர் டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பஸ்ஸோடு கூடவே அந்த நாட்டிலிருந்து ஒரு டிரைவரும் வந்திருந்தார், வண்டியைப் பழக்கிக் கொடுக்க. பெரிய மீசை. இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. முதல்முறை ரோட்டுக்கு எடுத்த அன்று, எதிரே வண்டி வரும்போதெல்லாம் மீசைக்காரர் கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அவருக்கு எல்லாமே தப்புப் பக்கத்தில் வருகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிரேக்கை மிதித்தார்கள். மீசைக்காரர் காலடியில் பிரேக் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொடக்க நாள் வந்தது. மூன்று நகரத்துப் பெரியவர்களும் ஒரே கத்தரிக்கோலைப் பிடித்து ரிப்பனை வெட்டினார்கள். விருந்தாளிகள் முன்சீட்டில், அவர்களுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற அம்மா, மேனேஜர் படியோரம், மீசைக்காரர் டிரைவருக்குப் பின்னால். பாலத்தில் காத்திருந்த குடியிருப்பு ஜனம் திமுதிமுவென்று ஏறியது. முதல் நிறுத்தத்தில் போலீஸ் நின்றது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. கைதட்டினார்கள். போலீஸ் அதோடு சரி.

இரண்டாவது நிறுத்தம் குவாரி வளைவுக்கு அந்தப் பக்கம்.

நிழற்குடையை ஒட்டி நிறுத்தினார். இடது ஜன்னல் வழியாக நடைபாதைக் கல் தெரிந்தது, அதில் காய்ந்த சிமெண்டுகூடத் தெரிந்தது. அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரிய, அத்தனை தூரம் தள்ளி ஒரு கண்ணாடி, உள்ளங்கை அளவு. என்ஜின் அதிர்வில் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. அதற்குள் புழுதி. புழுதிக்குள் என்னவோ பெரிதாகிக்கொண்டு வந்தது.

"கதவைத் திறங்க மாமா!"

கதவுக்குப் பொத்தான் அவரிடம். அவர் கட்டைவிரல் அமுக்கினால்தான் அவள் வெளியே போக முடியும். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். யாருடையதோ மாதிரி இருந்தது. மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். கட்டைவிரல் அமுக்கிவிட்டது.

சின்னவள் கொடியோடு குதித்தாள். குதித்தவள் கண்ணாடியில் இல்லை. கண்ணாடியில் லாரி மட்டும்தான் இருந்தது. அப்புறம் கண்ணாடி முழுக்க லாரி. ஹாரன் காதுக்குள் இறங்கியது, பஸ் முழுசாக ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, திறந்த கதவு வழியாகப் புழுதியும் டீசல் சூடும் உள்ளே அடித்தது. யாரோ ஒரு பெண் வீல் என்று கத்தினாள். அது யார் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறார், இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. "ஏய்" என்று கூப்பிட நினைக்கிறார், வாயில் காற்றுதான் வருகிறது. வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது என்பது மட்டும் மனசில் ஓடியது.

புழுதி அடங்கியது. சின்னவள் பஸ்ஸின் தகரத்தோடு முதுகை ஒட்டிவைத்து நின்றிருந்தாள். கையில் குச்சி மட்டும்.

"கொடியைப் பிடுங்கிட்டுப் போயிட்டான் மாமா" என்று சிரித்தாள். சிரிப்பு சிரிப்பாகத்தான் இருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை.

மேனேஜர் பையிலிருந்து வேறொரு கொடியை எடுத்து நீட்டினார். "கொடிதானே போச்சு. இந்தா. எடுய்யா வண்டியை, விருந்தாளிங்க பார்க்கிறாங்க."

பிரேக் வண்டியை எடுத்தார். எப்படி எடுத்தார் என்று பின்னால் கேட்டபோது அவருக்கு நினைவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அடுத்த நிழற்குடை தூரத்தில் தெரிந்ததும் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. அங்கேயும் நிறுத்த வேண்டும். அங்கேயும் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்குள் மறுபடியும் புழுதி கிளம்பியிருந்தது.

யோசித்துச் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் செய்த வேலை அது. வண்டியை வலப்பக்கம் நடுரோட்டையும் தாண்டி ஏற்றினார், பிறகு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து மூக்கைக் கொண்டுபோய் நிழற்குடையில் வைத்தார். வால் எதிர் ஓரத்து மண்ணில் கிடந்தது. பஸ் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சுவர் மாதிரி நின்றது. கதவு சுவருக்கு முன்பக்கம், நடைபாதைக்கு ஓரடி தூரத்தில். லாரி எல்லாம் பின்பக்கம். என்ஜினையும் அணைத்துவிட்டார்.

பின்னால் டயர்கள் அலறின. ஹாரன்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஊளையாகிவிட்டது. விருந்தாளிகளில் ஒருத்தர் சீட்டுக்கடியில் குனிந்துகொண்டார்.

"என்னய்யா பண்ற? பைத்தியமா?" மேனேஜர் கத்தினார். மொழிபெயர்க்கிற அம்மா அவரைப் பார்த்து, என்னவென்று சொல்லட்டும் என்று கேட்டாள். "இங்க இப்படித்தான் நிறுத்துவோம்னு சொல்லும்மா!"

எதிரிலிருந்து வந்த லாரியும் பஸ்ஸின் வாலால் மறிபட்டு நின்றது. அதிலிருந்து ஒரு ஆள் டயர் கழற்றுகிற லிவரோடு குதித்து ஓடிவந்தான். டிரைவர் வலப்பக்கம்தானே இருப்பான்! ஆத்திரத்தில் நேரே வலப்பக்கம் வந்தான். அங்கே கதவு திறந்திருந்தது. படியில் நிறைமாதப் பிள்ளைக்காரி ஒருத்தி நின்றாள்.

"கொஞ்சம் கை குடுங்கண்ணே, படி உசரமா இருக்கு."

அவன் லிவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைக் கொடுத்தான். அவள் இறங்கினாள். அடுத்து ஒரு கிழவர் கையை நீட்டினார். அவரையும் இறக்கிவிட்டான். அப்புறம்தான் சுரணை வந்தது. "டிரைவர் எங்கடா?"

"அந்தப் பக்கம்ணே" என்றாள் சின்னவள். "முன்னாடி வழி இல்ல, வாலைச் சுத்திக்கிட்டுப் போங்க. அதுக்குள்ள இங்க இறங்க வேண்டியவங்க இறங்கிடுவாங்க."

சுற்றிக்கொண்டு வந்தான். இடது ஜன்னல் வழியாகக் கை உள்ளே நுழைந்து பிரேக்கின் சட்டைக் காலரைப் பிடித்தது.

"ரோடு என்ன உன் அப்பன் வீட்டுக் கூடமா?"

"இல்லண்ணே." பல் தந்தியடித்தது. "அவ என் கொழுந்தியாண்ணே. அந்தப் பக்கம் எனக்குக் கண்ணு தெரியல."

"இப்படி எத்தனை ஸ்டாப்புல நிறுத்துவ?"

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் பயம். "எல்லாத்துலயும்ணே."

ஓர் அறை விழுந்தது. காது 'ஙொய்' என்றது. லாரிக்காரன் ஜன்னல் வழியாக உள்ளே எட்டி, இறங்கினவர்கள் விட்டுப்போன சீட்டுகளையும் அந்த வலப்பக்கத்துக் கதவையும் கொஞ்ச நேரம் பார்த்தான். "எந்த மடையன்டா இதை வாங்கினது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். மேனேஜர் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரன் போனதும்தான் மேனேஜருக்குக் குரல் திரும்பியது. "அடுத்த ஸ்டாப்புல நேரா நிறுத்தணும். முடியாதுன்னா இறங்கிடு."

பிரேக் எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சரி சார். இறங்கிடுறேன். நேரா நிறுத்தினா நான் செத்துடுவேன் சார்."

மேனேஜர் மீசைக்காரரைப் பார்த்துச் சீட்டைக் காட்டினார், நீ உட்கார் என்று. மீசைக்காரர் சீட்டைப் பார்த்தார், அந்த உள்ளங்கைக் கண்ணாடியைப் பார்த்தார், கையில் வெறும் குச்சியோடு நின்ற சின்னவளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிரேக்கின் தோளில் கைவைத்து அமுக்கி அவரையே உட்காரவைத்தார். சின்னவள் இன்னும் வாங்காமல் மேனேஜர் கையிலேயே இருந்த கொடியை வாங்கிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் குறுக்கே விழுந்ததும், வாலுக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே பைக்குகள் நுழைகிற சந்தில் போய் அவரே நின்றார். அவர் கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பிரேக் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

கடைசி நிறுத்தத்தில் மீசைக்காரர் தன் ஊர்ப் பெரியவரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். அந்தப் பெரியவர் மேனேஜரிடம் திரும்பி, மொழிபெயர்க்கிற அம்மா வழியாகக் கேட்டார்: "கதவை ஏன் இன்னும் மாத்தலைன்னு கேக்கிறார் சார். வெட்டினா என்ன, அது உங்க வண்டிதானேங்கிறார்."

கேட்டால் மனசு நோகும் என்று கேட்காமல் இருந்த கேள்வி, இவ்வளவுதான். என்றாலும் வெட்ட உத்தரவு வர ஏழெட்டு மாதம் ஆயிற்று. பெரிய இடத்து வேலை அப்படித்தான். அதுவரை தினமும், போக வர, ஒவ்வொரு நிழற்குடையிலும் பிரேக் வண்டியைக் குறுக்கே போட்டார். வாங்காத வசவு இல்லை. இன்னும் இரண்டு தடவை அடி வாங்கினார். ஒருநாள்கூட உடம்பு நடுங்காமல் இருந்ததில்லை. பழகிப்போகும் என்றார்கள், பழகவே இல்லை. குடியிருப்பு ஜனம் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் உட்கார்ந்து போய் வந்தது.

வெல்டிங்காரர் ஒருவழியாக இடது பக்கம் வெட்டி, வலது பக்கத்தைத் தகரம் வைத்து அடைத்தார். அன்றைக்கு முதல்முறையாக பிரேக் வண்டியை நிழற்குடையை ஒட்டி நேராக நிறுத்தினார். பொத்தானை அமுக்கினார். சின்னவள் நடைபாதையில் இறங்கினாள். அந்தப் பக்கம் ஒரு லாரி பஸ்ஸை உலுக்கிவிட்டுப் போனது.

"மாமா."

அவர் கட்டைவிரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது.

"மாமா, இங்கதான் நிக்கிறேன். உங்க ஜன்னலுக்குக் கீழயே நிக்கிறேன். கண்ணை ஏன் மூடியிருக்கீங்க?"

"பின்னாடி இன்னொண்ணு வருதும்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "அதுவும் போகட்டும்."