திரியாத பால்

மெர்சி கல்யாணமான வருடத்திலிருந்து ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்தவள். வெளிநாட்டுத் தோல் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் அவள் படம் பேப்பரில் வந்த மறுவாரம் வேலை போனது. அமைச்சர் வந்து திறந்துவைத்த ஆலை அது. ராணிப்பேட்டையில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். வேலை போன பிறகு போராட்டக் குழுதான் அவளுக்கு எல்லாம்.

குழுவில் யாரும் சோதனைக்கூடத்தை நம்பவில்லை. இங்கே மொண்ட தண்ணீர் ஒன்று, அங்கே போய்ச் சேருகிற தண்ணீர் வேறு என்பார் தலைவர் பஞ்சாட்சரம். அதனால், கோர்ட் அனுப்பும் ஆய்வு அதிகாரிகளின் கண்ணெதிரே மெர்சி வீட்டு போர் தண்ணீரில் பால் காய்ச்சுவது என்று முடிவானது. ஆலை வந்தபின் அந்தத் தண்ணீர் கலந்தால் பால் திரிந்துவிடும்.

அதிகாரிகள் வந்தார்கள். பால் பொங்கியது. திரியவில்லை.

"டீத்தூள் போடும்மா, குடிச்சிட்டே போறோம்," என்று ஒருவர் சிரித்தார்.

ஜீப் போனபின்தான் மெர்சிக்கு உறைத்தது.

"அண்ணா, கேன் தண்ணிய ஊத்திட்டேன். வந்தவங்களுக்குன்னா கை தானா அங்கதான் போவுது. யாருக்காவது நாம போர் தண்ணி குடுத்திருக்கோமா?"

"கைக்கு நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்காங்க," என்றார் பஞ்சாட்சரம்.

அவள் போர் தண்ணீர் ஊற்றி மறுபடி காய்ச்சினாள். கட்டிகட்டியாகத் திரிந்தது.

"இத யாருக்குக் காட்டுறது?" என்றார் பஞ்சாட்சரம்.

குழுவில் இருந்த பக்கத்து வீட்டு சுந்தரி வாசலில் நின்றபடி கேட்டாள்: "உன் பையன் வசந்துக்கு ஆலையில செக்யூரிட்டி வேலையாமே?"

"இன்னாக்கா சொல்ற? அவன் ஆம்பூர்லதான வேலை தேடுறான்?"

"கேட்டுப் பாரு."

கேட்டாள். "அப்ளை பண்ணேன், இன்னும் கூப்பிடல," என்றான் வசந்த், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதிகாரிகள் வருமுன் காலையில் அவன் அடுப்புப் பக்கம் வந்தானா என்று யோசித்தாள். செய்தது தன் கைதான் என்று தெரிந்தும் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. போனாள். உள்ளே நுழைந்ததும் பேச்சு மழைக்கு மாறியது.

"இந்த வருஷம் ஜாஸ்தியாமே," என்றாள் சுந்தரி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மெர்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம்தான் மழையைப் பற்றியே பேசுவார்கள்.