ஜன்னலுக்கு வெளியே நின்றவர் எழுதிய பதிவு

2007-ம் வருடம் என்று நினைக்கிறேன். கொல்லிமலையில் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். என் குடும்பம் அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம். நான் மட்டும் வாரம் முழுக்க மலையில் ஒரு வாடகை அறையில் தங்கி, சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து ஊருக்கு இறங்குவேன்.

மாத அறிக்கை அனுப்புவதற்காக எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். ஒழுங்கான பூட்டு இருந்தது என் மருந்து அறைக்கு மட்டும்தான் என்பதால் அது அங்கே வந்து சேர்ந்தது. தமிழில் தட்டச்சு வருகிறதா என்று பார்க்க ஒருநாள் தேடும் கட்டத்தில் ‘மழை’ என்று அடித்தேன். முகம் தெரியாத ஒருவரின் வலைப்பதிவு வந்தது. தன் வாடகை வீட்டில் எங்கெங்கே ஒழுகும், எந்தப் பாத்திரத்தில் சொட்டினால் என்ன சத்தம் வரும் என்று எழுதியிருந்தார். பத்திரிகையில் வருகிற மாதிரி இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர் படிக்கும் மற்ற வலைப்பதிவுகளின் பெயர்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் இன்னொருவர், அங்கிருந்து வேறொருவர். வளைகுடாவில் கட்டட வேலை செய்பவர், தன் அறையில் தூங்கும் ஒன்பது பேரைப் பற்றி எழுதியிருந்தார். திக்கிப் பேசும் ஒரு கல்லூரி ஆசிரியை, தன் முதல் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தார். கடவுள் இல்லை என்று ஒருவர் எழுத, அதை நாலு பக்கத்துக்கு மரியாதையாக மறுத்து இன்னொருவர். யாரும் காசுக்காக எழுதவில்லை. யாரும் யாரையும் போல எழுதவில்லை. மலையில் தனியாக இருந்த எனக்கு அவர்களெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

எங்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம். அதற்கு முன்பெல்லாம் அந்த நேரத்தில் யாராவது வந்தால் கையைக் கழுவிவிட்டு எழுந்து கொடுத்துவிடுவேன். தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அந்த ஆடி மாதத்திலிருந்து அப்படிச் செய்வதை விட்டுவிட்டேன். ஒரு மணி ஆனதும் கம்பி ஜன்னலில் ‘உணவு இடைவேளை’ அட்டையை மாட்டிவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

ஆவணியில் ஒரு மதியம், நான் தொடர்ந்து படிக்கும் ஒரு பதிவர் கொல்லிமலைக்கு வந்துபோனதைப் பற்றி எழுதியிருந்தார். நம் மலையாயிற்றே என்று ஆசையோடு படிக்க ஆரம்பித்தேன். மரவள்ளிக் காடு, சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி என்று அழகாகத்தான் போனது. கொண்டை ஊசி வளைவுகளில் அவருடைய ஆறு வயது மகள் வாந்தி எடுத்துத் துவண்டுவிட, வழியில் இருந்த சுகாதார நிலையத்தில் இறங்கியிருக்கிறார். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தாராம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் போய் நின்றாராம். உள்ளே இருந்த பெண், திரும்பிப் பார்க்காமலே, ரெண்டு மணிக்கு மேல வாங்க என்று சொன்னாராம்.

எங்கள் நிலையமாக இருக்குமோ என்று வேகமாகப் படித்தேன். இன்னும் சில வரிகளில் சந்தேகமே இல்லாமல் போனது. பச்சைத் திரைச்சீலை, ஜன்னலில் நூல் கட்டித் தொங்கும் அட்டை. நான்தான்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி இருந்தார், வீட்டில் ஏதோ கெட்ட செய்தி போலிருக்கிறது, அதனால் வற்புறுத்தாமல் விலகி வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு நான் எதைப் படித்தேன் என்பது எனக்குத் தெரியும். ஞாபகம் போய்க்கொண்டிருக்கும் தன் அம்மாவைப் பற்றி ஒரு மகள் எழுதிய தொடர்.

பதிவு அதோடு முடியவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், டீக்கடையில் உப்பும் சர்க்கரையும் வாங்கித் தண்ணீரில் கலக்கி, அவர் மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். குண்டனி நாட்டிலிருந்து (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்) மகளுக்கு வலிப்பு மாத்திரை வாங்க வந்தவராம். அவரையும் நான் ரெண்டு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்றரை மணிக்கு அவர் ஊர்ப் பக்கம் போகும் பஸ் வந்தது. அதை விட்டால் பொழுது சாய்ந்துதான் அடுத்தது. மாத்திரை வாங்காமலே ஏறிப் போய்விட்டார். எனக்காவது இதை எழுத ஒரு இடம் இருக்கிறது, அவருக்கு எது இருக்கிறது என்று கேட்டுப் பதிவர் முடித்திருந்தார்.

கீழே முப்பதுக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள். எந்த நிலையம், பெயரைப் போடுங்கள், புகார் கொடுப்போம் என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரு நிமிடம் என் வேலையைப் பற்றி மட்டுமே நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் மகளை இரண்டாவதாகத்தான் நினைத்தேன்.

மாதாமாதம் வலிப்பு மாத்திரை வாங்குபவர்களுக்கு ஒரு நோட்டு உண்டு. புரட்டினேன். குண்டனி நாட்டு விலாசத்தோடு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்த அம்மாவின் கைநாட்டு ஆனி மாதத்தோடு நின்றிருந்தது. பதிவர் வந்துபோன நாளிலிருந்து எண்ணினால் பதினெட்டு நாள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும், உயிருக்கே ஆபத்து என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

நர்ஸிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் அவசரம் என்று மட்டும் சொல்லி, மாத்திரையோடு அதே ஒன்றரை மணி பஸ்ஸில் ஏறினேன். உட்கார முடியவில்லை. இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது. பாதி தூரம் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“காலையிலயே புள்ளயக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. எங்கன்னு சொல்லலீங்க.”

கைத்தாங்கலாக என்றால் நடக்கவே முடியவில்லையா? ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் எங்களிடம்தானே வந்திருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு நடந்ததில், ஓடைக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டில் அந்த அம்மா களை வெட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பதினேழு வயது மகள் பலா மரத்தடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். முழங்கையில் தீக்காயம், நெற்றியில் ஒரு கிழிசல். தனியாக விட்டுவர பயந்து கூடவே கூட்டி வந்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

“ஏனுங்கம்மா, இவ்வளவு தூரம் நீங்களே வந்துட்டீங்க? ஊட்டுல எல்லாம் நல்லாருக்காங்களா?”

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

“அன்னிக்கு அழுதுக்கிட்டு இருந்தீங்களே. ஒரு வெளியூர்க்காரரும் சொன்னாருங்க, ஊட்டுல ஏதோ கெட்ட சேதியாட்ட இருக்குன்னு. அந்த நேரத்துல வந்து மாத்திரை குடுங்கன்னு நிக்கறதா? கருமாதி முடிஞ்சு வருவீங்கன்னு இருந்துட்டனுங்க. இருந்த மாத்திரையப் பாதி பாதியா ஒடச்சுக் குடுத்தேன். அது தீந்தப்புறந்தான் ரெண்டு தடவ வந்துருச்சு. ஒருக்கா அடுப்புல உழுந்துட்டா.”

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

“எங்க ஊட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க அக்கா. கம்ப்யூட்டர்ல கதை மாதிரி ஒண்ணு படிச்சிட்டு இருந்தேன். அதுக்குத்தான் அழுதேன்.”

அவர் முந்தானையால் கை மண்ணைத் துடைத்துக்கொண்டார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலீல்ல,” என்றார். “அப்ப நல்லதுங்க.”

அவ்வளவுதான். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார்.

மாலை பஸ்ஸில் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வளைவு ஒவ்வொன்றிலும் மகளின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்துக் காயத்துக்கு மருந்து போட்டார், மாத்திரையை மறுபடி தொடங்கினார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது என்றார். ஏன் நின்றுபோனது என்று கேட்டார். என் தவறுதான் என்று சொன்னேன். கம்ப்யூட்டரைப் பற்றி அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவருக்கு ஒரு பின்னூட்டம் எழுதினேன். என் பெயர், வேலை பார்க்கும் இடம், அன்றைக்கு என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்பது, மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தது, எதையும் மறைக்கவில்லை. அவர் பார்த்து அனுமதித்தால்தான் பின்னூட்டம் வெளியில் தெரியும். அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்து பார்த்தேன். வெளியே வந்தால் என்ன ஆகும், மேலதிகாரி பார்த்தால் என்ன சொல்வார் என்று சோறு இறங்கவில்லை. நாலாம் நாள், என் பின்னூட்டம் இல்லாமல், அவர் எழுதிய இரண்டு வரி மட்டும் அங்கே இருந்தது. அந்த அம்மாவுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்துவிட்டது என்றும், இதை இத்தோடு விட்டுவிடுவோம் என்றும் எழுதியிருந்தார்.

அந்தப் பதிவரை நான் பார்த்ததே இல்லை. நான் மாறுதலாகி வரும்வரை அந்த அம்மா மாதாமாதம் வந்துபோனார். மகளுக்கு வலிப்பு பெரும்பாலும் கட்டுப்பட்டிருந்தது. வலைப்பதிவுகள் படிப்பதை நான் விடவில்லை. ஆனால் வேலை நேரம் முடிந்த பிறகுதான்.

அன்று அந்தப் பதிவர் வெளியிடாமல் வைத்துக்கொண்டதை இப்போது நானே எழுதியிருக்கிறேன். எங்கோ இருக்கும் ஒருத்தியின் அம்மாவுக்காக அழத் தெரிந்த எனக்கு, மூன்றடி தூரத்தில் நின்ற ஒரு அம்மாவைத் திரும்பிப் பார்க்கத் தோன்றாதது ஏன் என்று, ஜன்னலில் யார் வந்து நின்றாலும் இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.