மாட்டு வழி

எங்கள் ஊரில் சில சொற்களை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். விளக்கு வைத்த பிறகு பாம்பைப் பாம்பு என்பதில்லை, பூச்சி என்போம். ஏரிக்கரைக்குப் போகும் மண்பாதையும் அப்படித்தான். அது சுடுகாட்டுக்குப் போகிற வழி. குழந்தை முதல் கிழவர் வரை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. மாட்டு வழி என்பார்கள். மாடும் அதில்தான் மேய்ச்சலுக்குப் போய்வந்தது, அதனால் அது பொய்யும் இல்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். நான் படப்பைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது ரோட்டுக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில் வயல் மட்டும்தான். என் வீட்டுக்காரர் இளவயசில் திரிசூலம் பக்கம் கல் உடைக்கப் போனார். பிறகு எருமை வாங்கினோம். கறப்பது அவர், பால் ஊற்றுவது நான். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேனைத் தலையில் வைத்து நடந்திருக்கிறேன். என் பாலில் தண்ணீர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

எண்பதுகளில் வயலை விற்க ஆரம்பித்தார்கள். மஞ்சள் அடித்த கல் நட்டு மனை பிரித்தார்கள். பூஜை போட்ட அன்று ஊர் ஆண்கள் வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். தேங்காய் உடைத்து, தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது, டேப் பிடித்து அளந்த ஆள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, நடுவில் போகிற பாதையைக் காட்டி, இது என்ன வழி என்று கேட்டிருக்கிறார். சாமிக்கு முன்னால், எரிகிற கற்பூரத்துக்கு முன்னால், அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? மாட்டு வழி சார் என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கொஞ்ச நாளில் ரோட்டோரம் தகரப் பலகை வைத்து மனைகளை வரைந்து வைத்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரியும். பால் கேனோடு நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கட்டம் கட்டமாகப் போட்ட மனைகளுக்கு நடுவில் ஒரு கோடு. அதன் மேல் மாட்டு வழி என்று எழுதியிருந்தது. நம் வழியை விட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷம்தான் பட்டேன்.

வீடுகள் வந்தன. காலனி என்று பேர் ஆயிற்று. வயல் போனதில் வருத்தம் இருந்தாலும் எனக்கு நடை குறைந்தது. காலனி சங்கத்துக்கு ரிடையரான ஆபீசர் ஒருவர் செக்ரட்டரி. அவர் வீட்டம்மாதான் முதல் முதலில் என்னிடம் பால் வாங்கினார். எருமை ஈன்றால் சீம்பால் அவர்களுக்குத்தான் முதலில். எனக்கு முட்டி வலி என்றதும் தைலம் கொடுத்தார். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு திருட்டுப் பயம் என்று காலனியைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரும்புக் கேட்டு. காலையிலும் சாயந்திரமும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து மாட்டை விடுவார். அதில் ஒரு குறையும் இல்லை.

மேலண்டை வீட்டுக் கிழவர் செத்த அன்றுதான் தெரிந்தது. பாடை கேட்டுக்கு முன்னால் வந்ததும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். உள்ளே பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், ஒரு வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், பலகையில் மாட்டு வழி என்றுதானே போட்டிருக்கிறது, பிணம் போகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லி விற்கவில்லையே என்றார் செக்ரட்டரி சார். கோபமாகக் கூடப் பேசவில்லை. தூக்கிய பாடையை நடுவில் இறக்க ஒரு இடம் உண்டு, கண்ட இடத்தில் இறக்கக் கூடாது. அன்று வெயிலில், கேட்டுக்கு முன்னால், மண்ணில் இறக்கினார்கள். கடைசியில் ட்ராக்டர் பிடித்து, வேளச்சேரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போனார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் கிழவர் தலை ஆடிக்கொண்டே போயிற்று. பாடை தூக்கினவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வந்து குளித்தார், சாப்பிடவில்லை. மாட்டு வழி என்று சொன்னது நீதானே என்று ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. பழைய கல் தூசி என்றார் டாக்டர். படுத்தபடியே, இரும்புக் கேட்டு திறக்கிற சத்தத்தை வைத்து நேரம் சொல்வார். ஒருநாள் கேட்டார்.

“இந்தாமே, என்னெ எந்த வழியா எடுத்துகினு போவீங்கோ?”

“இன்னாயா பேச்சு இது. கஞ்சியக் குடி.”

“கொழந்தைய என் கையிலதான் தூக்கிகினு போனேன். அந்த வழிலதான். என்னெ ட்ராக்டர்ல மட்டும் ஏத்தாதீங்கோ.”

எங்கள் முதல் குழந்தை தாய்ப்பால் மறக்கும் முன்னே போய்விட்டது. அதை அவர்தான் ஒரு துண்டில் சுற்றி எடுத்துப் போனார். நான் தெருமுனை வரைக்கும்தான் போனேன், பொம்பிளைகள் அதற்கு மேல் போவதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

பிறகு சிரித்தார். “மாடாப் பொறந்திருந்தா கேட்டத் தொறந்து வுட்டிருப்பானுங்கோ. மன்சனாப் பொறந்து தொலச்சேன்.” சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் பால் ஊற்றும்போது செக்ரட்டரி சாரிடம் கேட்டேன். நான் யாரிடமும் போய் நின்று கேட்கிறவள் இல்லை. இதற்காகக் கேட்டேன்.

“சார், எங்க வூட்டுக்காரரு ரொம்ப நாள் தாங்க மாட்டாரு. அவருக்கு மட்டும் ஒரு தபா வழி வுடுங்க.”

அவர் பேப்பரை மடித்து வைத்தார். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க. ஒருத்தருக்கு விட்டா அதுவே வழக்கமாயிடும். மாடு போறத நாங்க எப்பவாவது தடுத்திருக்கோமா, சொல்லுங்க.”

அவர் வீட்டம்மா கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல், நாளைக்கு விருந்தாளி வருகிறார்கள், அரை லிட்டர் கூட ஊற்றுங்கள் என்றார். ஊற்றினேன்.

பங்குனியில் ஒரு விடியற்காலை என் வீட்டுக்காரர் போய்விட்டார். சாயந்திரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று பேசினார்கள். என் மகன் அப்போது கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், வம்பு தும்புக்குப் போகாத பிள்ளை. ட்ராக்டருக்குச் சொல்லிவிட்டதாகக் காதோரம் வந்து சொன்னான். நான் எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

“எம்மா, பொணம் வாசல்ல கெடக்கசொல்ல, மாட்ட எங்க அவுக்கறே?”

“மேய்ச்சலுக்கு.”

“ஊரே பாக்குதும்மா.”

“பாக்கட்டும். பாடையத் தூக்கச் சொல்லு. மேளம் வேணாம், வெடி வேணாம், பூவும் தூவ வேணாம். என் பின்னால வாங்கோ.”

பூவும் வளையலும் அன்று இன்னும் என் மேல்தான் இருந்தன. மூத்த எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மற்றவை அதன் பின்னால் வந்தன. அதற்குப் பின்னால் அவர். கூட்டத்தில் யாரோ ஒருத்தன், எமன் இன்னிக்கு வண்டியோட வந்து அழைச்சிகினு போறான்டா என்றான். பாடை தூக்கினவர்களே சிரித்துவிட்டார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. அவர் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

எருமையைப் பார்த்ததும் வாட்ச்மேன் தினமும் திறக்கிற பழக்கத்தில் கேட்டைத் திறந்துவிட்டார். பின்னால் வருவதைப் பார்த்துச் சாத்தப் போனபோது மூத்தது நடுவில் போய் நின்றுவிட்டது. செக்ரட்டரி சார் ஓடி வந்தார், செருப்பு கூடப் போடவில்லை.

“பால்காரம்மா, இது சரியில்ல.”

“மாட்டு வழியில மாடு போவுது சார். மாட்டுக்காரரு பின்னால வராரு.”

அவர் பலகை இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நகரவில்லை. எருமைக்கு அவர் யார் என்று தெரியாது. அது அவரை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று, நாங்களும் போனோம்.

எருமையை அவசரப்படுத்த முடியாது. நடந்தது, நின்றது, காலனிக்கு நடுவில் மூத்திரம் பெய்தது, அது முடிகிற வரைக்கும் பாடையும் நின்றது. இரண்டு பக்கமும் ஜன்னல் ஜன்னலாகச் சாத்தினார்கள். என் பால் போகிற வீடுகள். எந்த வீட்டுக் கதவு எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும்.

தெருமுனையைத் தாண்டி வந்துவிட்ட நான் அந்தப் பக்கத்துக் கேட்டில் நின்றுகொண்டேன். அதற்கு மேல் ஆண்கள்தான். எருமைகள் கரையில் மேயப் போயின. தனியாகத் திரும்பி நடந்தபோது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிணம் போனால் வாசல் கழுவுவது எல்லாரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு நிற்கிற காலம் அது. செக்ரட்டரி வீட்டம்மா பக்கெட்டோடு நின்றிருந்தார். நான் நேர் எதிரில் வந்ததும் ஊற்றினார். என் கால் நனைந்தது. பார்க்காமல் ஊற்றியிருக்கலாம். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லுவார் என்று கொஞ்சம் நின்றேன். அடுத்த பக்கெட்டை எடுத்தார். நான் நடந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே கேட்டைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கமும் சுவர் வைத்துவிட்டார்கள். பலகையையும் காணோம். மாட்டுக்கும் வழி இல்லை. மகன் பால் கொண்டுபோன வீடுகளில் இனி பாக்கெட் பால் போதும் என்றார்கள். தீனி வாங்கிப் போட்டுக் கட்டுப்படி ஆகாமல் எருமைகளை ஒவ்வொன்றாக விற்றேன். மூத்தது வண்டியில் ஏற மாட்டேன் என்று காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. கம்பால் அடித்து ஏற்றினார்கள்.

மாடாவது போய்க்கொண்டிருந்தது, அதையும் கெடுத்துவிட்டாள் என்று ஊரில் பேசினார்கள். என் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அதற்குப் பிறகு போனவர்கள் எல்லாம் ட்ராக்டரில்தான் போனார்கள். இப்போது வேன் வருகிறது. என் வீட்டுக்காரர்தான் கடைசியாக அந்த வழியில் போனவர்.

சில வருஷம் கழித்து எங்கள் பக்கத்தில் மிச்சம் இருந்த துண்டுப் பாதையை அளக்க வந்தார்கள். பிளாட் கட்டப் போகிறார்களாம். அன்றும் பூஜை, அன்றும் கற்பூரம். நெற்றியில் புதுக் குங்குமத்தோடு அளந்த ஆள் என்னைப் பார்த்து, இது என்ன வழிம்மா என்று கேட்டார்.

“சுடுகாட்டு வழி.”

பின்னாலிருந்து மருமகள், “அத்தெ, நல்ல நாளும் அதுவுமா” என்று முந்தானையை இழுத்தாள். அந்த ஆள் பென்சிலைப் பிடித்தபடி முழித்தார். எழுதிக்கோங்க சார் என்றேன். எழுதினார். பேப்பரை என் பக்கம் திருப்பச் சொன்னேன். வெயிலில் கண் கூசியது. கையை நெற்றியில் மறைப்பாக வைத்து, சு, டு, கா என்று சத்தமாகக் கூட்டிக் கடைசி வரைக்கும் படித்தேன்.

அந்தப் பக்கம் போனதும் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் தெருமுனை திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.