மேடம் சொல்லாமல் திறந்த வால்வு

காலை ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். எங்கள் குழுமத்தின் இன்னொரு ஆலையிலிருந்து சேகர் போன் செய்தார். "அண்ணே, மேடம் போயிட்டாங்கண்ணே" என்றார். "எந்தக் கம்பெனிக்கு?" என்று கேட்டேன். அவர் எப்போதும் ஏதாவது ஓர் ஆலையை விட்டு இன்னோர் ஆலைக்குப் போய்க்கொண்டேதானே இருப்பார்! சேகர் "நெஞ்சு வலியாம்ணே, தூக்கத்துலயே" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அன்று மதியம் மேடம் எங்கள் ஆலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தால் என்னென்ன சொல்லி வைவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேடம் பாண்டியம்மாள் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு மதுரையைச் சுற்றி மூன்று ஆலைகள் உண்டு. வாடிப்பட்டிப் பக்கம் ரப்பர் ஆலை, அலங்காநல்லூர் சாலையில் சேகர் வேலை பார்க்கும் பெயின்ட் பூசும் ஆலை, ஊருக்குக் கிழக்கே ஒரு பேக்கிங் ஆலை. மூன்றுக்கும் மூன்று பெயர், மூன்று மேனேஜர். ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கமாட்டார். இந்த மூன்றிலும் குப்பை, புகை, தண்ணீர் எல்லாம் ஒரே ஒழுங்கில் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் மேடத்தின் வேலை. வாடிப்பட்டி ஆலையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிரிவு என் பொறுப்பு. அதனால் அவரிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நான்தான்.

அவர் வந்த புதிதில் குப்பைத் தொட்டிச் சண்டை நடந்தது. எங்கள் ஆலையில் சிவப்புத் தொட்டி என்றால் எண்ணெய்த் துணி போடுவது. சேகரின் ஆலையில் சிவப்பு என்றால் மிச்சச் சோறு. எங்களிடமிருந்து அங்கே மாற்றலாகிப் போனவர்கள் பழக்கதோஷத்தில் எண்ணெய்த் துணியைச் சோற்றில் போட்டுவிட்டார்கள். சோற்றைப் பன்றிகளுக்கு வாங்கிப் போகிறவர் கேட்டில் நின்று கத்தினார். "எண்ணெய் ஊத்தி ஓட்ட அது என்ன லாரியாய்யா? பன்னிய்யா!"

மேடம் மூன்று மேனேஜர்களையும் ஒன்றாக உட்கார வைத்தார். தன் நிறத்தை விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. "ஒரே அடுப்படியில ஆளுக்கொரு உப்புச் சாடிய வச்சுக்கிட்டிருந்தா கொழம்பு வெளங்குமா சார்?" என்று கேட்டு, ஒரே நிறத்துக்கு அவர்களைக் கொண்டுவந்தார். எல்லாத் தொட்டிக்கும் பெயின்ட் அடித்து முடித்தோம். அடித்து முடித்த பிறகு தலைமையகத்திலிருந்து வேறொரு நிறம் வந்தது. உலகம் முழுக்க எல்லா ஆலையிலும் அதுதானாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரித்தார். "அடிங்க முருகேசா, தொட்டிக்கு என்ன வலிக்கவா போகுது?" என்றார்.

மரம் நடுவதிலும் இதே கூத்துதான். உலகத்திலுள்ள எல்லா ஆலைகளும் ஜூனில் மரம் நட வேண்டும் என்பது உத்தரவு. வாடிப்பட்டியில் ஜூனில் கன்று நட்டால் அது என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேடம் ஜூனில் குழி வெட்டச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, ஐப்பசி மழையில் கன்று நட வைத்தார். "அவங்க சொன்னதையும் செஞ்சாச்சு, மரமும் பொழைக்கணும்ல?" என்றார். உத்தரவை இப்படி வளைக்கத் தெரிந்தவர், தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஏன் இம்மியும் வளையவில்லை? எனக்கு இன்றுவரை விளங்காதது அதுதான்.

எங்கள் ஆலையில் சுத்தம் செய்த தண்ணீர், பின்சுவர் வழியாக ஒரு குழாயில் பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. தோப்பு தவமணி என்பவருடையது. அவர் மேடத்தின் கூடப்பிறந்த தம்பி. மேடம் ஊரை விட்டுப் போகாமல், கணவர் இறந்த பிறகும் தம்பி வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே இருந்தார். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, "நல்ல தண்ணி முருகேசா, சின்னப்புள்ளையக் குளிப்பாட்டலாம்" என்று என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு கோடையில் சேகரின் ஆலையில் ஏதோ பழுதாகி, கெட்ட தண்ணீர் வாய்க்காலில் போய்விட்டது. கரையில் புல்லெல்லாம் கருகியது. இனி எந்த ஆலையிலிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது என்று மேடம் தலைமையகத்துக்கு எழுதினார். அவர்கள் ஒத்துக்கொண்டதோடு, வாடிப்பட்டித் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, அதை விட்டுவிடலாமே என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவர் மேடம்தான்.

நான் சண்டைக்குப் போனேன். "நல்ல தண்ணியத் தொட்டியில தேக்கி வெயில்ல காயவைக்கச் சொல்றீங்களே மேடம், இது அடுக்குமா?"

"எந்தம்பி தோப்புக்குப் போற தண்ணிய மட்டும் விட்டுட்டு மத்தவன் தண்ணிய அடைச்சா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அடுத்த கம்பெனிக்குள்ள போவேன்?" என்றார். தோப்புக் குழாயின் வால்வில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். "நான் சொல்லாமத் தொறக்கக் கூடாது" என்றார்.

தவமணி கேட்டுக்கு வந்து நின்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "ஊரான் கம்பெனிக்கெல்லாம் நாயம் பாக்குற, கூடப்பொறந்தவனுக்கு மட்டும் பாக்க மாட்டியாக்கா?" அன்றோடு அவர் அக்காவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். எதிரெதிர் வீடு, வாசலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாராம். சுவரை ஒட்டிய வரிசையில் தென்னைகள் மட்டை தொங்கி, ஒவ்வொன்றாக மொட்டையாயின. சொத்துத் தகராறு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக மேடம் வந்தபோது வால்வுப் பக்கம் போய் நின்றார். பூட்டைத் தொட்டுப் பார்த்து, "தொறந்துருவமா முருகேசா?" என்றார். "நீங்க சொன்னாத் தொறக்கிறேன் மேடம்" என்று சாவியை எடுத்தேன். "நான் சொல்லமாட்டேன். நீயும் தொறக்காத" என்று திரும்பி நடந்தார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "தவமணி மரத்துல காய் கெடக்கா, பாத்தியா?" என்று கேட்டார். கொஞ்சம் கிடக்கிறது என்றேன். இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

அவர் இறந்த அன்று மதியம், ஷிஃப்டை ஒப்படைத்துவிட்டு நான் கிளம்பும் நேரத்தில் கேட்டில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. செக்யூரிட்டி மிரண்டு போய் ஓடி வந்தார். வெளியே தவமணி ஈர வேட்டியோடு, தோளில் குடத்தோடு நிற்கிறார். பின்னால் பங்காளிகள் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேலே பிடித்திருக்கிறார்கள். இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துப்போகும் நீர்மாலை. தெருக்குழாயிலோ கிணற்றிலோ எடுப்பார்கள். ஒரு குடத்துக்கு வேண்டிய தண்ணீர் தவமணி கிணற்றிலும் இருந்தது.

"அந்த வால்வத் தொறந்து விடுங்கய்யா" என்றார் தவமணி. "நல்ல தண்ணி நல்ல தண்ணின்னு எங்கக்கா சொல்லுமே, அதுலயே குளிப்பாட்டுறேன்."

கோபத்தில் கேட்கிறாரா, பாசத்தில் கேட்கிறாரா? அவர் முகத்தில் இரண்டும் இருந்தது. இரண்டும் இல்லாதது போலவும் இருந்தது. திறந்தால் என் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். திறக்காவிட்டால் இவர் வெறுங்குடத்தோடு போவார். 'நான் சொல்லாமத் தொறக்கக் கூடாது' என்று சொன்னவர் வீட்டில் கிடக்கிறார். நான் யாரைக் கேட்பது?

அவர்களைத் தோப்புப் பக்கம் வரச் சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். சங்கிலியை எடுத்து வால்வைத் திருப்பினேன். துருப்பிடித்து முதலில் அசையவில்லை, பிறகு திரும்பியது. பின்சுவர்ப் பக்கத்துக் கதவு வழியாகத் தோப்பில் எட்டிப் பார்த்தேன். குழாய் கொஞ்சம் இருமி, பழுப்பாகக் கக்கி, பிறகு தெளிவாக ஊற்றியது. தவமணி தெளிகிறவரை காத்திருந்து குடத்தைப் பிடித்தார். குடம் நிரம்பி, மொட்டைத் தென்னையின் அடிவரை தண்ணீர் ஓடியது. பங்காளி ஒருவர், "தொறந்தது தொறந்தாச்சு, கொஞ்ச நேரம் ஓடட்டும்ப்பா, மரமாச்சும் குடிக்கும்" என்றார்.

தவமணி குடத்தைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தான். அடைச்சிருங்கய்யா. எங்கக்கா வையும்" என்றார். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நின்று வாய்விட்டு அழுதார்.

அடைத்துப் பூட்டினேன். சாவி இன்னமும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நீங்கள் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை, மேடம். தப்பு என்று உங்களோடு சண்டை போட்டவன் நான். ஆனால் தவமணி அடைக்கச் சொன்னபோது என் கை தயங்காமல் அடைத்தது. அந்த ஒரு குடத்துக்கு மட்டும் நீங்கள் சொல்லாமல் திறந்துவிட்டேன். வைவதென்றால் வையுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நல்ல தண்ணீர்தான், மேடம். குளித்துவிட்டுப் போய் வாருங்கள்.